பத்தொன்பதாம் வயர்

வெள்ளி இரவு எட்டு மணிக்குப்
பழைய சர்வரின் வயிற்றைத் திறந்தேன்.
மின்விசிறி முழுக்க ஆரஞ்சுத் தூசு.
விரலில் எடுத்து முகர்ந்தால்
மைசூர்ப் பருப்பு.
பதினோரு வருடம் இந்த ஆலையின் காற்றை இழுத்திருக்கிறது,
சளி கட்டாமல் என்ன செய்யும்.

சாஸ்கடூன், தொழிற்பேட்டையின் வடகோடி.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
கார் எஞ்சின் உறையாமலிருக்க
சுவரிலிருந்து ஒரு மின்கம்பியை அதற்கும் மாட்டிவிட்டு வந்தேன்.
விடியும்வரை காரும் நானும்
ஒரே கட்டடத்தின் தயவு.

மேலாளர் டார்லீன் ஃப்ரீசன்
கிளம்பும்போது இவ்வளவுதான் சொன்னார்:
காலை ஆறுக்கு லாரி வரும், எடைச்சீட்டு அடிக்க வேண்டும்.
கையுறையை மாட்டிக்கொண்டே இன்னொன்று:
சில திங்கட்கிழமை பிரிண்டர் காணாமல் போகிறது.

பேக்கப் இருக்கிறதா என்று பார்த்தேன்.
அது திறக்கிறதா என்றும் பார்த்தேன்.
இரண்டும் வேறு வேறு கேள்வி;
ஒரு பல் மருத்துவமனையில் கற்றது,
கட்டணம் அதிகம்.

பென்டிரைவ். நீலத் திரை.
'இந்த வட்டில் உள்ளதெல்லாம் அழியும். தொடரலாமா?'
புது வட்டுதான், ஒன்றுமே இல்லாத வட்டுதான்,
ஆனாலும் அந்த இடத்தில்
விரல் ஒரு கணம் நிற்கும்.

நேர வலயம் கேட்டது.
பட்டியலில் இந்த மாகாணத்துக்கென்றே தனி வரி.
அக்கம்பக்கமெல்லாம் மார்ச்சில் கடிகாரத்தை முன்னே தள்ளும்போது
நான் வரவில்லை என்று உட்கார்ந்துகொண்ட ஊர்.
முன்பு வந்து போனவன் யாரோ
வினிப்பெக்கின் வரியை அழுத்தியிருக்கிறான்.
வருடத்தில் எட்டு மாதம்
எடைச்சீட்டு ஒரு மணி முந்தி ஓடியிருக்கிறது.

பெயர் கேட்டது, பதினைந்து எழுத்துக்குள்.
பழையதன் பெயர் 'சர்வர் ஒன்று'.
இரண்டு என்று ஒன்று இருந்ததே இல்லை.
ஆங்கில எழுத்தில் துவரை என்று அடித்தேன்.
இந்தக் குளிர் மண்ணில் விளையாத பருப்பு.
யாராவது கேட்டால் சுருக்கெழுத்து என்பேன்.

கணக்குக் கோப்புறைக்கு மூன்று பேர்,
கொள்முதலுக்கு ஐந்து பேர்,
எல்லாவற்றையும் பார்க்க டார்லீன்,
எதையும் அழிக்க முடியாத டார்லீன்.
(அவரே கேட்டுக்கொண்டது.)

இரண்டு மணிக்குத்தான் வினை.
எடைமேடைக் கணினி ஒரு முகவரியோடு எழுந்தது,
நான் கொடுத்ததல்ல அது.
முகவரி வழங்க நான் நியமித்தது துவரையை;
வேறு யாரோ இருட்டில் உட்கார்ந்து
தானும் வழங்குகிறார்.
ஓர் உறைக்குள் இரண்டு வாள்.
திங்கட்கிழமை பிரிண்டர் எங்கே போனது என்று
இப்போது தெரிந்தது.

சுவிட்சில் இருபத்துநான்கு வயர்,
ஒன்றுக்கும் சீட்டு ஒட்டவில்லை.
ஒவ்வொன்றாகப் பிடுங்கி, பார்த்து, செருகி, பிடுங்கி,
பத்தொன்பதாவதில் தொல்லை அடங்கியது.
அதே நொடி
நிறம் பிரிக்கும் அறையிலிருந்து ஒரு வசவு,
உக்ரேனிய மொழி என்று நினைக்கிறேன்.

ஒரெஸ்ட், இரவுப் பணி.
ஃபிளாஸ்குக்குப் பின்னால்
கடையில் வாங்கிய சின்ன ரூட்டர்,
கைப்பேசியில் பாதியில் உறைந்த ஹாக்கி ஆட்டம்.
நேற்று முடிந்த ஆட்டமாயிற்றே, என்றேன்.
தோற்றார்கள், தெரியும், என்றார்.
எப்படித் தோற்றார்கள் என்று பார்க்க வேண்டாமா?
நானும் பிழைப் பதிவேடு படித்துப் பிழைக்கிறவள்.
பதில் சொல்ல வரவில்லை.

ரூட்டரைப் பிடுங்கவில்லை.
அந்த வயரை விருந்தினர் வலைக்கு மாற்றினேன்,
முகவரி வழங்கும் வாயை மட்டும் கட்டினேன்.
ஒப்படைப்புக் குறிப்பில் எழுதினேன்:
'பத்தொன்பது: நிறம் பிரிக்கும் அறை. இருக்கட்டும்.'

ஆறு அடிக்கப் பத்து நிமிடம் இருக்க
முதல் லாரியின் வெளிச்சம் பனிமேட்டில் ஏறி இறங்கியது.
எடைச்சீட்டு வந்தது. எடை சரி. நேரமும் சரி.
ஆனால் ஜனவரியில் பழையதும் சரியாகத்தான் காட்டும்.
மார்ச் இரண்டாம் ஞாயிறு வர வேண்டும்,
வந்து, இங்கே ஒன்றும் நடக்காமல் போக வேண்டும்.
அதையும் சேர்த்துத்தான் பில் போட்டிருக்கிறேன்.

காரின் மின்கம்பியைக் கழற்றிச் சுருட்டும்போது பார்த்தேன்,
கோட்டுக் கையில் ஆரஞ்சுத் தூசு.
தட்டினால் போகவில்லை.