வடக்கு வாசல்

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு
காங்கயம் ரோட்டுக் கம்பெனியில்
கட்டிங் டேபிளைத் துடைத்துவிட்டு
மார்க்கிங் சாக்கட்டியால் ஒரு நாடு போடுவோம்.
பகலில் பனியன் துணி வெட்டும் குழந்தைவேலு
எல்லோருக்கும் மாஸ்டர்.
ராத்திரி பகடையை உருட்டச் சொல்வதும் அவர்தான்.
வேறு பேர் வைக்க அவசியம் வரவில்லை.

நாட்டின் பேர் உவர்நாடு.
முந்நூற்றுச் சொச்சம் பக்கம், ஜெராக்ஸ், ஸ்பைரல் போட்டது.
நூற்று நாற்பதாம் பக்கத்தில் மதகூர்:
ஏழு மதகு, ஒரு உப்புச் சந்தை, பிறகு
‘வடக்கு வாசலில் யார் காவல் என்பது உங்கள் விருப்பம்.’
அந்த ஒரு வரியில்
மூன்று வருசமாகக் குடியிருக்கிறேன்.

நான் அங்கே சுங்கக்காரன்.
பகலெல்லாம் ஜிஎஸ்டி போடுகிறவன்
கனவிலுமா வரி வாங்குவே என்பார்கள்.
வாங்குவேன்.
உப்பு மூட்டைக்கு ரெண்டு காசு,
பேய்க்குத் தலைக்கு அஞ்சு,
தலையில்லாத பேயானால் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

இப்போது நாலாவது நாவல் வந்திருக்கிறது.
ஒன்பதாம் அத்தியாயத்தில் மதகூர் எரிகிறது.
ஒரே ராத்திரி. தெற்குக் காற்று.
என் வாசலுக்கு ஒரே ஒரு சொல்:
‘வீழ்ந்தது.’

வீழ்ந்ததாம்.
சாவி என்ற இடுப்புல இருக்குது, எப்படி வீழும்?

நாவலில் வந்தால் வந்ததுதான் என்றாள் பெனாசிர்.
அவினாசி பஸ்ஸில் நின்றுகொண்டே மூன்று தடவை படித்தவள்.
உப்பு வியாபாரியின் விதவை
கல்லாவைத் திறந்துவைத்துவிட்டுப் போகும் இடத்தில்
இறங்கவேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிவிட்டாளாம்.
(அந்த இடத்தில் எனக்கும் கண் கலங்கியது.
அதை நான் சொல்லவில்லை.)

சாயப்பட்டறை மௌலீஸ்வரனுக்கு வேறு கோபம்.
“ஒருத்தன் வெட்டி முடிக்கிற வரைக்கும்
அடுத்தவன் நின்னு பாக்கறானுங்க.
பகடை உருளுற சத்தம் வரிக்கு வரி கேக்குது.
ஒறம்பரைக் கல்யாணத்துல பந்திச் சண்டை
அந்தாளு பாத்ததே இல்ல போல.”

நான் சொன்னது இது:
நாட்டுப் புத்தகம் பேட்டர்ன் அட்டை மாதிரி.
எந்தத் துணியிலும் வைத்து வெட்டலாம்.
நாவல் தைத்து முடித்த சட்டை.
கதாநாயகன் சைஸ்.
நமக்குக் கழுத்து நுழையாது.

“சட்டை வேண்டாம்னா அட்டையைப் போட்டுக்கிட்டுப் போ”
என்றாள் பெனாசிர்.
எனக்குப் பதில் வரவில்லை. இன்னும் வரவில்லை.

மணி பத்தரை.
நிட்டிங் மெஷின் ஓட்டும் பிஸ்வஜித்
பாலேசுவரத்திலிருந்து வந்தவன்,
நாவல் எதுவும் படிக்காதவன்,
வரைபடம் மட்டும் மனப்பாடம்,
டீ கிளாசை ஆற்றின் மேல் வைத்துவிட்டுக் கேட்டான்:
“ஊர் எரிஞ்சுது. சரி. ஆளுங்க எங்க போச்சு?”

பெனாசிர் பக்கம் புரட்டினாள்.
முன்னால் புரட்டினாள், பின்னால் புரட்டினாள்.
கதாநாயகன் கப்பலேறுகிறான். வாள் பளபளக்கிறது.
ஆளுங்க எங்கேயும் போகவில்லை.

மாஸ்டர் சாக்கட்டியை எடுத்தார்.
தெற்குச் சந்தையிலிருந்து கோடு இழுத்தார்,
டீ கிளாசைச் சுற்றிக்கொண்டு,
நேராக என் வாசல் வரைக்கும்.
“நாலாயிரம் பேரு. கைக்கொழந்தை, ஆடு, அண்டா குண்டா.
பின்னால தீ.
என்னங் சுங்கக்காரரே, தலைக்கு எவ்வளவு?”

பகடை என் கையில் சூடாக இருந்தது.
உருட்டவில்லை.
திறந்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன்.
மௌலீஸ்வரன், உள்ளே ஒற்றன் இருந்தால்? என்றான்.
வரட்டும், நாலாயிரத்தில் ஒருத்தன் என்றேன்.
அன்றைய கணக்கு நோட்டில் வரவு ஒன்றுமில்லை,
மூன்று வருசத்தில் முதல் தடவை.

ஆக, மதகூர் எரிந்தது.
எரிந்ததை நான் ஒத்துக்கொள்கிறேன்.
வீழ்ந்தது என்ற சொல்லை மட்டும்
ஜெராக்ஸ் காப்பியாக இருந்தாலும் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

ஐந்தாவது நாவல் தை மாசம் வருகிறதாம்.
ஆளுக்கு நூற்றிருபது ரூபாய்.
பெனாசிர் வசூல் பண்ண வந்தபோது
திட்டிக்கொண்டேதான் கொடுத்தேன்.
“முதல்ல எனக்குக் குடு,” என்றேன்.
“ரெண்டு நாள்ல தந்தர்றேன்.”