ஏட்டுச் சர்க்கரை

திரையில் பீட்ரூட்டுகள் நீலப் புள்ளிகள்.
வரிசை பிசகுவதில்லை.
கழுவி, சீவி, சாறாக்கி,
ஐந்து ஆவிக்கலன்களைத் தாண்டி
வலது ஓரத்தில் ஓர் எண்ணாக வந்து நிற்கும்,
சர்க்கரை.
பதினோராயிரம் முறை ஓட்டினேன்,
கோடை முழுக்க, போஸ்னான் நகரில், ஜன்னலடியில்.
நீராவிச் செலவு ஒன்பது புள்ளி இரண்டு சதவீதம் குறையும் என்றது.
நானும் சொன்னேன்.
டை கட்டிக்கொண்டு சொன்னேன்.

அக்டோபரில் மழை.
விஸ்துலாக் கரை வயல்களிலிருந்து லாரிகள் வந்து
பாதி பீட்ரூட்டும் பாதி சேறுமாய்க் கொட்டின.
என் மாதிரியில் ஒரு நாளும் மழை பெய்ததில்லை.

முதல் வாரம்: ஒன்று புள்ளி ஒன்பது.
"பழகட்டும்" என்றார் மேலாளர் ஒல்கியெர்த்.
ஒப்பிட்டுப் பார்க்க
இரண்டாம் வாரம் பழைய அமைப்புக்கே திருப்பினோம்.
அதிலும் குறைந்தது, ஒன்று புள்ளி நான்கு!
கையில் அட்டையோடு நான் நின்றதுதான் காரணம்.
யாரோ பார்க்கிறார்கள் என்றால்
வால்வுகள்கூட ஒழுங்காக மூடிக்கொள்ளும்.

அட்டையைப் பைக்குள் போட்டுவிட்டு
இரவு ஷிஃப்டில் வெஸ்வாவாவின் பக்கம் முக்காலி போட்டேன்.
மூன்றாம் கலத்தின் வால்வை
மூன்று சுற்றுத் திறப்பாள்,
அரைச் சுற்று திரும்ப மூடுவாள்.
ஏன்?
"ஒட்டிக்கொள்ளும்."
எப்போதிருந்து?
"வாங்கினதிலிருந்து."

அரைச் சுற்றைச் சேர்த்தேன். சேற்றைச் சேர்த்தேன்.
முதல் உறைபனியில் கல்லாகிப்போன குவியலையும்.
மாதிரி வேறோர் அமைப்பைக் காட்டியது,
கொஞ்சம் கூச்சத்தோடு:
மூன்று புள்ளி ஒன்று.
வாரம் விட்டு வாரம் மாற்றி மாற்றி ஓட்டச் சொல்லிவிட்டு
ஆலைப்பக்கமே நான் போகவில்லை.
ஜனவரிக் கடைசியில் மீட்டர் சொன்னது:
இரண்டு புள்ளி எட்டு.

எனக்குத் துள்ள வேண்டும்போல் இருந்தது.
கூட்டத்தில் ஒருவரும் கைதட்டவில்லை.
ஒல்கியெர்த் அந்தப் பழைய ஒன்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்,
கல்யாணம் நின்றுபோன வீட்டுக்காரர்
பந்தலைப் பார்ப்பதுபோல.

கடைசி இரவு வெஸ்வாவா கேட்டாள்,
"இப்போது நான் அதற்குள் இருக்கிறேனா?"
இருக்கிறாய் என்றேன்.
சராசரி நாற்பது வினாடி,
கூடக் குறையப் பன்னிரண்டு.
சிரித்துவிட்டாள்.
"கழிப்பறை கீழ்த்தளத்தில். அதையும் எழுது."

அறிக்கையை அனுப்பாமல் எழுந்துபோய்ப்
படிகளை எண்ணினேன்.
முப்பத்து நான்கு,
இறங்கும்போது.
ஏறும்போது
நடுவில் ஒரு முறை நின்றேன்.