வெயிட்டிங் சார்ஜ்

மொத்தம் நூற்றெண்பத்து நான்கு வரி.
கமெண்ட்டைக் கழித்தால் இன்னும் குறையும்.
தூக்கு என்று பெயர் வைத்தேன்.
கொடுத்த முகவரிக்குப் போய்
அங்கிருக்கும் கோட் முழுவதையும்
தூக்குவாளியில் எடுத்து வருவதுபோல் கொண்டுவரும், சிந்தாமல்.
அர்த்தம் கேட்ட நாகவேணிக்கு இவ்வளவுதான் சொன்னேன்.
மேடைக்கும் கயிற்றுக்கும் அதே சொல்தான் என்பதைச்
சொல்லவில்லை.

வந்ததும் கூப்பிடு என்று
ஒரு ஃபங்ஷனைக் கையில் கொடுத்து அனுப்பினால் போதும்.
வாசலில் நிற்கவேண்டாம்.
முன்னால் நிற்பவன் முதுகைப் பார்க்கவேண்டாம்.
நாற்பத்து மூன்று ரெப்போ,
ஒரே மூச்சில் நாற்பத்து மூன்று திசைக்கு.
ரீட்மீயின் முதல் வரியில் பெருமையாக எழுதினேன்:
‘இங்கே யாரும் காத்திருப்பதில்லை.’

கக்கதாசபுராவில் அன்று தண்ணீர் இல்லை.
போர்வெல் மார்ச்சிலேயே
வெறும் காற்றை இருமத் தொடங்கியிருந்தது.
நான்கு மாடிக்கும் சேர்த்து டேங்கருக்குச் சொல்வது
இந்த வாரம் என் முறை.
‘பர்த்தீனி சார், பர்த்தீனி’ என்றார் சித்தலிங்கப்பா.
எத்தனை மணிக்கு என்று அவர் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
வந்ததும் கூப்பிடுங்கள் என்றேன்.
போனை வைத்த பிறகு சிரிப்பு வந்தது:
என் ஃபங்ஷனையே
அரைகுறைக் கன்னடத்தில் சொல்லியிருக்கிறேன்.

காதில் ஹெட்ஃபோன். போன் சைலண்டில்.
நாற்பத்திரண்டு வந்து சேர்ந்தன,
கேட்ட வரிசைக்குக் கொஞ்சமும் மரியாதை தராமல்.
பதினேழாவது மட்டும்
வருகிறேன் என்றும் சொல்லவில்லை
மாட்டேன் என்றும் சொல்லவில்லை.
பிழைக்கு இரண்டு வரி எழுதி வைத்திருந்தேன்.
மௌனத்துக்கு எழுதவில்லை.
தூக்கு, பெயருக்கேற்ப,
தொங்கியது.
காத்திருக்காத நிரலை எழுதியவன்
மினுக்கும் அந்தச் சின்னக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்
மணி ஒன்று இருபதுவரை.

யாரோ கேட்டை இரும்பால் அடித்தார்கள்.
டெர்மினலை மூடிவிட்டு ஓடினேன்.

ஒன்பதே முக்காலுக்கே வந்துவிட்டாராம்.
ஹாரன் அடித்தாராம், ஏழு தடவை கூப்பிட்டாராம்.
முதல் மாடி கிளாடிஸ் ஆன்ட்டி
ஜன்னலைச் சாத்திக்கொண்டாராம்.
பணம் வாங்காமல் வண்டியைத் திருப்பினால்
முதலாளிக்குப் பதில் சொல்லவேண்டும்.
ஆறாயிரம் லிட்டரை முதுகில் வைத்துக்கொண்டு
ஸ்டியரிங்கில் தலைசாய்த்துக் கிடந்திருக்கிறார்,
என் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேர் கீழே.
‘வெயிட்டிங் சார்ஜ் முன்னூறு, சார்.’
நான் பேரம் பேசவில்லை.

ஹோஸைப் பிடித்துக்கொண்டேன்.
சம்ப்பில் விழும் சத்தம்
முதலில் பாத்திரம் போல் அதிர்ந்து
பிறகு மெல்லக் கனத்தது.
முட்டிவரை நனைந்துவிட்டேன்.
இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

மேலே வந்து மறுபடி ஓட்டினேன்.
ஃபோல்டர் ஏற்கெனவே இருக்கிறது என்று நின்றுவிட்டது.
உள்ளே பார்த்தேன்:
பதினேழாவது, பாதி.
நான் மூடியபோது வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.
முழுசாகக் கேட்கவேண்டுமென்றால்
வந்த பாதியை அழித்தாகவேண்டும்.
அது நூற்றெண்பத்தைந்தாவது வரி.
அறுபது விநாடிக் கெடு, அடுத்த வரி.
கடைசியாக, ரீட்மீயில் ஒரு சொல்லை மாற்றினேன்:
‘இங்கே நாம் காத்திருப்பதில்லை.’

கீழே டேங்கர் ரிவர்ஸ் எடுக்கும் ஓசை.
சந்து குறுகல், மெதுவாகத்தான் போகமுடியும்.
அவருக்கு இன்னும்
இரண்டு வீடு பாக்கி இருந்தது.