மக்கிலான் கணக்கு

குறுமண்வெளித் துறையில் ஓட்டோவை நிறுத்தினேன்.
பாதை அக்கரையில் நின்றது.

'பாதை எப்படி அக்கரையில் நிற்கும்?'
கேட்டவள் ஷோனா மக்லாகன்,
கல்லடியில் மூன்று மாதம் தங்கித்
தமிழ் பழகிய ஸ்கொட்லாந்துக்காரி.
'இங்கே பாதை மிதக்கும், பிள்ளை.
நாங்கள் போகத் தேவையில்லை, அது வரும்.'
சிரித்தாள். எழுதிக்கொண்டாள்.

வெயில் எழும் பக்கம் எழுவான்கரை,
படும் பக்கம் படுவான்கரை, நடுவில் வாவி.
அதையும் எழுதினாள்.
'உங்கள் ஊரில்?'
'மலை. ஏரி. மழை. மறுகா...'
(அந்தச் சொல்லை என்னிடம்தான் பொறுக்கினாள்)
'மறுகா இன்னும் மழை.'

வடசேரி, தென்சேரி என்று ஊரே இரண்டாகிக்
கொம்பு முறிய இழுக்கும் கதை சொன்னேன்.
அங்கும் கயிறு இழுப்பார்களாம்.
பாவாடை கட்டிய ஆண்கள்
தென்னங்குற்றி போல ஒரு மரத்தைத்
தூக்கி எறிவார்களாம்.
'எதற்கு?'
'தெரியாது. எறிவார்கள்.'
'நாங்கள் மழை கேட்டு இழுப்போம்.'
'எங்களுக்கு அது வேண்டாம்' என்றாள்.

தேடி வந்தது ஒருவனை.
கொள்ளுப்பாட்டனின் தம்பி,
சங்கிலி பிடித்துக் காணி அளந்த துரை,
மண்டூருக்கு அப்பால் வாய்க்கால் வெட்டியவன்.
ஆறு நாள் அலைந்தோம்.
கோட்டைமுனைக் கல்லறைகளில் அவன் இல்லை.
கச்சேரிப் பதிவில் அந்தப் பக்கத்தை மட்டும்
பூச்சி தின்றிருந்தது.
கடைசியில் சாமித்தம்பியின் காணி உறுதியில்
அகப்பட்டான்:
'வடக்கே மக்கிலான் வாய்க்கால்.'

எனக்கு அடிவயிறு ஒருமுறை இழுத்தது.

மரைக்கால் தலை தட்டினால்,
பங்கில் ஒரு அவணம் காணாமல் போனால்,
எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு:
'இது என்ன மக்கிலான் கணக்கு?'
யாரோ பழைய போடியார் என்றுதான்
நாற்பது வருசம் நினைத்திருந்தேன்.

வாய்க்காலில் ஆற்றுவாழை மூடிக் கிடந்தது.
ஒரு எருமை எங்களைப் பார்த்துவிட்டு
மறுபடி தாழ்ந்தது.
நேரே வயலுக்குப் போக வேண்டிய தண்ணீர்
ஓரிடத்தில் வளைந்து
துரையின் தென்னந்தோட்டம் இருந்த திடலைச்
சுற்றிவிட்டுப் போகிறது.
அவள் அந்த வளைவில் வெகுநேரம் நின்றாள்.

'எங்கள் ஆட்களை எழுப்பினார்கள்.
ஆடு மேய நிலம் வேண்டுமென்று
கூரைகளுக்குத் தீ வைத்தார்கள்.
சுவர்கள் இன்னும் இருக்கு, முழங்கால் உயரம்.
மலையேற வருகிறவர்கள் அதில் இருந்து
சாண்ட்விச் தின்பார்கள்.
நானும் தின்றிருக்கிறேன்.'
பிறகு சொன்னாள்:
'அந்தத் தீயில் இருந்து ஓடியவன்தான்
இங்கே சங்கிலி பிடித்தான்.'

தொண்ணூறில் நாங்கள் விட்டோடிய வீட்டுக்கும்
முழங்கால் அளவு சுவர்தான் மிச்சம்.
நான் சொல்லவில்லை.
பின் டயரில் காற்றுக் குறைந்திருந்தது.

'இங்கே அவரை நினைக்கிறார்களா?'
'நினைக்கிறார்கள்' என்றேன்.
பொய் இல்லை.

திரும்பும் பாதையில் எங்களோடு
இரண்டு மோட்டார் சைக்கிள், ஒரு சாக்குப் பாகல்,
நித்திரையான ஒரு குழந்தை.
ஐயாயிரம் தாள் நீட்டினாள்.
மிச்சத்தை எண்ணிக் கொடுத்தேன்.
அவள் தமிழில், ஒவ்வொன்றாக,
விரல் மடக்கி எண்ணினாள்.

'சரியா?'
'சரி. மக்கிலான் கணக்கு இல்லை.'

இயந்திரச் சத்தத்தைத் தவிர
எனக்கு வேறொன்றும் கேட்கவில்லை.
'தேநீர்க்கடைக் கனகமணி சொன்னா,
நீங்கள் டயருக்குக் காற்றடித்த நேரம்.
நான்தான் கேட்டேன்.
முதலில் சொல்ல மாட்டேன் என்றா.
மறுகா சொன்னா.
தேநீருக்குக் காசும் வாங்கவில்லை.'

படுவான்கரையில் வெயில் படுகிறது.
வந்த நாள் முதல்
காக்கை பறந்தாலும் எழுதுகிறவள்
கொப்பியை மடியில் மூடி வைத்துக்கொண்டு
வந்த கரையைப் பார்த்தபடி இருந்தாள்.