நூற்றில் ஒன்று

ஜூன் மாதத்து மூன்றாம் திங்கள்.
அயோவாவில் எங்கள் கவுண்டி நீதிமன்றத்தின் நிலவறை.
மடக்கு நாற்காலிகள் நாற்பது.
காபிப் பாத்திரத்தில் ஒட்டிய காகிதம்:
கோப்பை ஐம்பது சென்ட். கடன் கிடையாது.

ஏலம் என்றால் ஏறும் என்றுதான்
இத்தனை நாள் நினைத்திருந்தேன்.
மாட்டுச் சந்தையில் அப்படித்தான்.
கன்று ஒரு சுற்று வருவதற்குள்
விலை நாலு படி ஏறிவிடும்.

இங்கே இறங்குகிறது.

பொருளாளர் அலுவலகத்து ட்வைலா ஹவ்லிசெக்
கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துச் சொன்னாள்:
"வீட்டை விற்கவில்லை. சாவி கேட்டு வராதீர்கள்.
அவர்கள் கட்டாத வரியை நீங்கள் கட்டுகிறீர்கள்.
தொகை மாறாது.
வட்டியும் மாறாது, மாதம் நூற்றுக்கு இரண்டு.
மாறுவது ஒன்றுதான்.
கடைசிவரை அவர்கள் கட்டவே இல்லையென்றால்
அந்த இடத்தில் எத்தனை பங்கு போதும் உங்களுக்கு?
குறைத்துக் கேட்பவருக்கே சான்றிதழ்."

நூறு என்றது முன்வரிசை.
ஐம்பது.
பத்து.
மூச்சு விடுவதற்குள்
ஒன்று.

ஒன்றுக்குக் கீழே சட்டம் விடாது.
பேராசைக்கு இவ்வளவு அடக்கமாக உட்காரத் தெரியும் என்று
அன்றுதான் பார்த்தேன்.
முப்பது கைகள், எல்லோருக்கும் ஒன்று போதுமாம்.

வெளிமாநிலப் பையன்கள்
மடிக்கணினியிலிருந்து கண்ணெடுக்காமலே கை தூக்கினார்கள்.
"ஒரே முதலாளி, ஒன்பது கம்பெனிப் பெயர்,
குலுக்கலில் ஒன்பது பந்து,"
என்றார் பக்கத்து நாற்காலி கார்வின் ஓஸ்ட்ரெம்.
பன்றிப் பண்ணையை மகனிடம் விட்டு
வருடம் தவறாமல் வருகிறவர்.
"வாங்கினால் போய்ப் பார்க்காதே" என்றும் சொன்னார்.

குலுக்க, லூத்தரன் தேவாலயத்திலிருந்து இரவல் வந்த பிங்கோ கூண்டு.
ட்வைலா சுற்றினாள்.

நாலடி அகலச் சந்து ஒன்று, பாக்கி பதினேழு டாலர்.
சிரித்தார்கள். சிரித்தபடியே கை தூக்கினார்கள்.
கூரை இறங்கிய பவுலிங் கூடம்.
நூற்றுப் பதினெட்டு: "நீக்கப்பட்டது."
மாடியில் யாரோ அந்த நிமிடம்
பணத்தை எண்ணி வைத்துக்கொண்டிருக்கிறார்.
தலைக்கு மேல் காலடிச் சத்தம் கேட்டது.
நாற்பது பேனாக்கள் ஒரு கோடு கிழித்தன.

நூற்று முப்பத்தொன்று.
ஹார்லன் விரிவுப் பகுதி, பிளாக் ஆறு, மனை நான்கு.
ஆயிரத்து நூற்று நாற்பது டாலர்.
பந்து உருண்டு வந்து நின்றது:
இருபத்தாறு. என் எண்.

கோடையில் எனக்குச் சம்பளம் கிடையாது.
பள்ளிப் பேருந்துக்கு லீவு என்றால் எனக்கும் லீவு.
சேர்த்ததை எழுதிக் கொடுத்துவிட்டு
சாயங்காலம், சொன்ன பேச்சைக் கேட்காமல்,
வரைபடத்தை மடியில் விரித்து ஓட்டிப் போனேன்.

பிளாக் ஆறு, மனை நான்கு
என் ஏழாவது நிறுத்தம்.

ஷூ கயிறு கட்டாமல் ஓடிவரும் டெலா ரூசெக்கின் வீடு.
கோப்பையோடு கையசைக்கும் அவள் அப்பா,
வாசலில் சிவப்புப் பிக்அப்.
ஜன்னல்கள் பதினொன்று எண்ணினேன்.
ஒரு ஜன்னல்கூட என் பங்கைவிடப் பெரிது.
கதவின் கைப்பிடி, அதையொட்டி ஒரு சாண் பலகை,
அவ்வளவுதான் வரும்.
வண்டியை நிறுத்தவில்லை.

ஆகஸ்டிலிருந்து தினமும் நிறுத்தினேன்.
அவள் தாமதமாக வந்தாள், நான் ஹார்ன் அடிக்கவில்லை.
அவர் கையசைத்தார், நானும் அசைத்தேன்.
முதல் தேதிதோறும்
இருபத்திரண்டு டாலர் எண்பது சென்ட்
என் பக்கம் சேர்ந்தது.
அவர் கட்டிவிட வேண்டும் என்று நினைத்தேன்.
கொஞ்சம் மெதுவாகக் கட்டட்டும் என்றும் நினைத்தேன்.
இரண்டும் ஒரே தலைக்குள்தான்.

டிசம்பரில் கவுண்டி காசோலை வந்தது.
அசல், ஏழு மாத வட்டி
நூற்று ஐம்பத்தொன்பது டாலர் அறுபது சென்ட்.
யார் கட்டியது என்று அதில் எழுதியிருக்காது.
யாருக்குப் போயிற்று என்று
கட்டியவர் கேட்டிருக்கவும் மாட்டார்.

மறுநாள் விடிய விடியப் பனி.
ஏழாவது நிறுத்தத்தில் கதவைத் திறந்தேன்.
டெலா ஏறினாள்.
அவர் கோப்பையைத் தூக்கிக் காட்டினார்.

வாசல் முழுக்க
ஒரு மேடு பள்ளமில்லாமல்
சமமாக விழுந்திருந்தது பனி,
பிக்அப் நிற்கிற இடத்திலும்.