மிச்சம்

ஊர்ப்பெயர் மிச்சம்.
லண்டனின் தெற்கில் இருக்கிறது.
ஆங்கிலேயருக்கு அது வெறும் பெயர்,
நாங்கள் சொன்னால்தான் சிரிப்பு வரும்.
கண் டாக்டர் படம் காட்டிச் சொன்ன அன்று
எனக்குச் சிரிப்பு வரவில்லை:
நடுப்பார்வை போய்விட்டது,
ஓரத்தில் கொஞ்சம் இருக்கிறது.
அவர் காட்டிய படத்தின் நடுவும்
எனக்குத் தெரியவில்லை.

ஆளைப் பார்த்தால் தோடு தெரியும், முகம் தெரியாது.
மணிக்கூட்டில் பன்னிரண்டும் ஆறும் இருக்கும்,
முள் இராது.
தட்டின் விளிம்பில் பருப்பு, கத்தரிக்காய்.
சோற்றைக் கைதான் கண்டுபிடிக்கவேணும்.

செவ்வாய்தோறும் கதவுத் துவாரத்தால் விழும்
ஒரு மஞ்சள் உறை. முத்திரைக் காசு இல்லை.
உள்ளே சுண்டுவிரல் அளவில் ஒரு மெமரி ஸ்டிக்,
பெட்டியில் செருகினால்
உள்ளூர்ப் பேப்பர் கதைக்கத் தொடங்கும்.
வாசிப்பவர்கள் சம்பளம் வாங்காத நாலு பேர்.
முரியலுக்கு எப்போதும் மூக்கடைப்பு.
டெஸ்மண்ட் மரண அறிவித்தல்களை
கிரிக்கெட் ஸ்கோர் போல வாசிப்பார்.
பக்கம் திருப்பும் சத்தத்தை அவர்கள் வெட்டுவதில்லை.
அந்தச் சரசரப்புக்காகவே
சில பக்கங்களை இரண்டு தரம் கேட்பேன்.

ஒரு கிழமை டெஸ்மண்ட் தடுக்கி விழுந்தார்.
வீட்டுக்கு மேல் அறை கட்ட
அனுமதி கேட்டவரின் பெயர்:
‘பலானி... வெட்... பில்லர்...
மன்னிக்கவும், கேட்பவர்களே.’

பழனிவேற்பிள்ளை!
என் பக்கத்து வீடு.
கத்தரிக்காய் விலைக்கு அரைமணி நேரம் கதைப்பவர்
இதைப் பற்றி மூச்சு விடவில்லை.
நானும் விடவில்லை.
ஒலிப்பதிவின் கடைசியில் சொல்லும் இலக்கத்துக்கு
அடித்து, பெயரை மட்டும் திருத்தினேன்.
‘நீங்களே வந்து வாசியுங்களேன்’ என்றாள் முரியல்.
பிறகு ஒரு மௌனம்,
பேப்பர் யாருக்குப் போகிறது என்று
அவளுக்கே நினைவு வந்த மௌனம்.
நான்தான் முதலில் சிரித்தேன்.

இப்போது திங்கள் பின்னேரங்களில் போன் வரும்.
அவர்கள் எழுத்தெழுத்தாகச் சொல்வார்கள்,
நான் ஆளாக்கித் திருப்பிக் கொடுப்பேன்.
போலந்துப் பெயர்கள் எனக்கு வராது,
அதற்கு பொல்லார்ட்ஸ் ஹில்லில்
ஸ்வாவோமிர் என்று ஒரு கேட்பவர்.
கானாப் பெயர்களுக்கு
சர்க்கரை வருத்தத்தில் கண் போன
பஸ் டிரைவர் குவாபெனா.
ழகரம் வந்தால் டெஸ்மண்ட் பயப்படுவார்.
நாக்கை மடியுங்கோ, மேலே தொடக்கூடாது என்பேன்.
‘என் பல்செட் கழன்றுவிடும், மேடம்.’

கடைத்தெருச் சந்தியில் தெருக் கடக்க ஒரு பெட்டி.
அதன் பொத்தானை எல்லாருக்கும் தெரியும்.
அடியில் தொங்கும் சின்னக் கூம்பை
கண் தெரிந்தவர்கள் அநேகமாகப் பார்த்ததில்லை.
பச்சை வந்தால் அது சுழலும்.
சத்தம் இல்லை. விரலுக்கு மட்டும் சொல்லும்.
பதினொரு கிழமையாக அது சொல்லவில்லை.
கவுன்சிலுக்கு ஏழு கடிதம் போட்டேன்.
ஏழுக்கும் ஒழுங்காகப் பதில் வந்தது,
பொடி எழுத்தில்.

போன செவ்வாய், மூன்றாம் பக்கம்.
கூம்பின் சங்கதியை டெஸ்மண்ட் வாசிக்கிறார்.
‘முறைப்பாடு செய்தவர் திருமதி...’
நிறுத்துகிறார். மூச்சு எடுக்கிறார்.
‘குழல்மொழி.’
இரண்டு ழகரமும் தப்பவில்லை,
பல்லும் விழவில்லை.
எனக்குப் போன் அடித்துக் கேட்கவும் இல்லை.
தனியாகப் பழகியிருக்கிறார் மனுசன்.
பக்கம் திரும்புகிறது.

கூம்பு இன்றைக்கும் சுற்றவில்லை.
அடியில் கை வைத்தபடி
லாரிகள் ஓயட்டும் என்று நிற்கிறேன்.
‘பச்சை வந்திட்டுது, வாங்கோ’ என்கிறது ஒரு குரல்.
முகம் இல்லை, தொப்பியின் ஓரம் மட்டும்.
குரல் பழசு.
பாதி தெரு கடந்தபின் கேட்டேன்:
‘மேல் அறைக்கு அனுமதி கிடைச்சுதோ?’

பழனிவேற்பிள்ளை
நடுத்தெருவில் நின்றுவிட்டார்.
நான்தான் கையைப் பிடித்து
அக்கரை சேர்த்தேன்.