ஒரு டிகிரிக்கும் குறைவாக

அக்கரைப்பேட்டை படகுத்துறையில்
இரவு ஒன்பதுக்கு மேல்தான் என் வேலை.
பகலெல்லாம் வெயில் குடித்த ஃபைபர் உடம்பு
தன் சூட்டை இறக்கிவைக்கும்வரை
டீ குடித்துக் காத்திருக்க வேண்டும்.

இரண்டு ஹாலஜன் விளக்கு, முப்பது விநாடி.
அணைத்ததும் கேமரா பார்க்கத் தொடங்கும்.
நல்ல இடம் சூட்டை உள்ளே விழுங்கிவிடும்.
உரிந்த இடத்தில்
அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே அடைபட்ட காற்று
வழி விடாது.
மேல்தோல் இன்னும் கொஞ்ச நேரம் சுடும்.
கொஞ்சம் என்றால், ஒரு டிகிரிக்கும் குறைவு.

முதல் படம் எப்போதும் பொய்.
விளக்கு விழுந்த நடுவயிறு எரிகிறது.
கடுவையாற்று ஈரக்காற்றில் ஓரமெல்லாம் ஆறிக் கிடக்கிறது.
பளபளப்பில் என் நெற்றியே தெரிகிறது,
ஒரு பெரிய பழுதாக.

"பாறை மேடம் இது" என்று
அஞ்சப்பன் விலாவில் ஓங்கி அறைந்தார்.
திரையில் ஐந்து விரலும் வெள்ளையாய் எழுந்தன.
அவை அவியும்வரை மறுபடி டீ.

பிறகு கழிக்க உட்கார்ந்தேன்.
விளக்கின் சாய்வைக் கழித்தேன்.
என் நெற்றியைக் கழித்தேன்.
இருநூறு படங்களைக் கூட்டி வகுத்தபோது
இரைச்சல் சேற்றைப்போல் அடியில் படிந்தது.
மேலே மிஞ்சியது,
புதுப் பெயின்டில் எழுதிய 'சந்தனமாரி'யில்
'ன'வுக்குப் பின்னால்
ஒரு இட்லி அகலம்.
அலை அடிக்க அடிக்க அது தோசையாகும்.

நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்,
போன ஐப்பசியில் பாலத்தூணில் உரசியதை.
அப்புறம் குரல் இறங்கியது.
"கோடியக்கரையிலேர்ந்து காலையில ஆள் வருது.
அட்வான்ஸ் வாங்கிட்டேன்.
அந்த மொதல் படத்தையே குடுத்துடுங்களேன்,
அதுவும் இதே போட்டுதானே."

அதுவும் இதே போட்டுதான்.
மவுஸை ஒரு நகமளவு இடப்பக்கம் இழுத்தால்
வெள்ளை சாம்பலாகும், சாம்பல் நீலமாகும்.
இழுத்தும் பார்த்தேன். ஆனது.
"எத்தன பேர் போவாங்க இதுல?"
"நாலு."
மறுபடி வலப்பக்கம் இழுத்தேன்.

அவர் சண்டை போடவில்லை.
நடந்துபோய் 'ன'வின் மேல் கையை வைத்தார்,
இந்த முறை அறையாமல்.
வைத்தபடியே நின்றார்.
ஐஸ் வண்டி ஒன்று பின்வாங்கும் சத்தம்.

எடுத்ததும் கேமரா பார்த்தது,
நான்தான் அணைக்க மறந்திருந்தேன்.
விரல்கள் ஒவ்வொன்றாய் அவிந்தன.
கட்டைவிரல் கடைசியாக.

உள்ளங்கை மட்டும்
இன்னும் வெள்ளையாகவே.